மேடையில் வயலின் வாசிக்க ஆம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆம்ப் எது வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் வயலினில் என்ன பிக்அப் இருக்கிறது?" என்பதுதான். பிக்அப் என்றால் வயலினின் அதிர்வைப் பிடித்து மின் சிக்னலாக்கும் கருவி. பாதிப் பேர் "அது இன்னும் வாங்கவில்லை, முதலில் ஆம்பை வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்" என்பார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆம்ப் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய பொருள். எங்கே வாசிக்கப் போகிறீர்கள், வயலினிலிருந்து ஒலியை எப்படி எடுக்கப் போகிறீர்கள், நடுவில் ப்ரீஆம்ப் (பிக்அப்பின் மெல்லிய சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி வலுவாக்கும் சிறு பெட்டி) வேண்டுமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு ஆம்ப் பட்டியல் தானாகவே சுருங்கி இரண்டு மூன்றில் வந்து நிற்கும்.

நானும் தலைகீழாகச் செய்தவன்தான். 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெரிய கிட்டார் ஆம்ப் ஒன்றை முதலில் வாங்கி, அதற்கு ஏற்ற பிக்அப்பைத் தேடி, பிறகு அந்தப் பிக்அப்பின் கரகரப்பை அடக்க ஒரு பெடலைத் தேடி, ஒன்றரை வருடம் அலைந்தேன். கீழே இருக்கும் வரிசை அந்த அலைச்சலிலிருந்து வந்தது.

1. ஆம்பின் ஒலியைக் கேட்கப் போவது யார்?

இது சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும், ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் விற்கிறார்கள்.

முதல் நிலைமை: மேடையில் பெரிய சவுண்டு சிஸ்டம் இருக்கிறது, மிக்சரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே உங்கள் ஆம்ப் சபைக்காக இல்லை, உங்கள் காதுக்காக. சின்ன ஆம்ப் போதும், பின்பக்கம் நல்ல டிஐ அவுட் (மிக்சருக்குச் சிக்னலை நேராக அனுப்பும் இணைப்பு) இருந்தால் சரி. மானிட்டரோ (வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) இன்-இயரோ (காதுக்குள் மாட்டுவது) கொடுக்கிறார்கள் என்றால் ஆம்பே வேண்டாம், நல்ல ப்ரீஆம்ப் ஒன்று போதும். ஆம்ப் வாங்கும் ஆசையோடு வருபவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும், என்ன செய்வது.

இரண்டாவது: சிறிய இடம், முப்பது நாற்பது பேர், மிக்சர் கிடையாது. ஆம்பிலிருந்து வருவதுதான் சபைக்கும் போகிறது, உங்களுக்கும் கேட்கிறது. இங்கே ஆம்பின் குரல் சுத்தமாக இருக்க வேண்டும், அறையின் ஓரம் வரை பரவ வேண்டும்.

மூன்றாவது: டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் இருக்கும் குழுவில் ஒத்திகை. டிரம்ஸுக்கு மைக் கிடையாது, ஆனால் அது மைக் இல்லாமலே காதைப் பிளக்கும். இங்கே வலு முக்கியம், நயம் அப்புறம்தான்.

நான்காவது, தெருவோரம் வாசிப்பது. பேட்டரி வேண்டும். வேறு எந்த அம்சமும் பேட்டரிக்குப் பிறகுதான்.

நான்கு நிலைமைகளுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப் தேடாதீர்கள். மாதத்தில் அதிகம் எது நடக்கிறதோ அதற்கு வாங்குங்கள். வருடத்தில் ஒரு முறை வரும் பெரிய மேடைக்காக 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

2. பிக்அப்பை முடிவு செய்யுங்கள்

வயலினிலிருந்து ஒலியை எடுக்க மூன்று வழி. ஒன்று, பியசோ பிக்அப். குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) அதிர்வை நேரடியாகப் பிடிப்பது. ஃபிஷ்மேன் வி-200 போன்றவை குதிரையின் பக்கவாட்டு இடுக்கில் உட்காரும். தி ரியலிஸ்ட் குதிரையின் காலடியில் உட்காரும். எல்.ஆர். பேக்ஸ் பிக்அப்பில் குதிரைக்குள்ளேயே பியசோ பதித்து வரும், பழைய குதிரையை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும். காலடியிலோ குதிரையாகவோ மாட்டுவதை வயலின் செய்பவரிடமோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்துச் செய்யுங்கள். குதிரையின் கால் பலகையோடு சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் மயிரிழை தூக்கி நின்றாலும் நான்கு தந்திகளும் நான்கு விதமாகக் கேட்கும், அப்புறம் அதற்கு ஆம்பைத் திட்டுவீர்கள்.

இரண்டாவது, வயலினில் கவ்விக்கொள்ளும் சிறிய கண்டென்சர் மைக். டிபிஏ 4099 பலரும் பயன்படுத்துவது. மரத்தின் உண்மையான குரல் இதில்தான் வரும், ஆனால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் டிரம்ஸும் சேர்ந்தே வரும், சத்தம் கூட்டினால் சீக்கிரம் ஊளையிடும், அதாவது ஃபீட்பேக் வரும். மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும். ஆம்பில் அது இருக்கிறதா என்று பார்ப்பது 6-ம் படியில் வருகிறது.

மூன்றாவது, எலெக்ட்ரிக் வயலின். கூடு இல்லாததால் ஊளைத் தொல்லை மிகக் குறைவு. கூடு இல்லாததாலேயே குரலும் மொட்டையாக இருக்கும், அதை எஃபெக்டால் நிரப்ப வேண்டும்.

சத்தமான குழு என்றால் பியசோ அல்லது எலெக்ட்ரிக், அமைதியான மேடை என்றால் மைக். இரண்டையும் மாட்டிக் கலந்து விடுபவர்களும் உண்டு, அதற்கு இரண்டு சேனல் உள்ள ஆம்ப் வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு ஒலியும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு குரல் மெலிந்துபோவதைச் சரி செய்ய அனுபவம் வேண்டும்.

3. இம்பீடன்ஸ்: குரல் கொசு மாதிரி கேட்பதற்குக் காரணம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஒத்திகையில் புதிதாகச் சேர்ந்த வயலின்காரர் ஒருவர் தன் பியசோவை நேராக மிக்சரின் லைன் இன்னில் செருகினார். சத்தம் தகர டப்பாவுக்குள் கொசு போன மாதிரி. அவர் ட்ரெபிளைக் குறைத்தார், பேஸைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், மிக்சர் இரைய ஆரம்பித்தது, ஜி தந்தி மட்டும் வரவே இல்லை. என் பையிலிருந்த ப்ரீஆம்பை நடுவில் செருகி, ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் போன்ற திருகுகள்) எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஜி தந்தியை ஒரு முறை இழுக்கச் சொன்னேன். அவர் வில்லை நிறுத்திவிட்டு வயலினைத் திருப்பிப் பார்த்தார், யாரோ வேறு வயலினை மாற்றி வைத்துவிட்டது போல.

நடந்தது இதுதான். பேட்டரி இல்லாத பியசோ ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்தேக்கி) மாதிரி நடந்துகொள்ளும். அதை எந்த இன்புட்டில் செருகுகிறோமோ அந்த இன்புட்டின் எதிர்ப்போடு (இதுதான் இன்புட் இம்பீடன்ஸ்) சேர்ந்து அது ஒரு வடிகட்டியாகிவிடும், கீழ் ஸ்வரங்களை வெட்டும் வடிகட்டி. பிக்அப்பின் மின்தேக்கு அளவு 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாஓம் இன்புட்டில் செருகினால் சுமார் 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரிய ஆரம்பிக்கும். திறந்த ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ், திறந்த டி 294. அதாவது ஜி தந்தியின் அடிக்குரல் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே பிக்அப்பை 10 மெகாஓம் இன்புட்டில் செருகினால் அந்த எல்லை 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், வயலினுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் முழுசாக வரும். மிக்சரின் லைன் இன் பெரும்பாலும் 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும், அதனால்தான் அந்தக் கொசு.

ஆகவே பிக்அப்பில் உள்ளேயே ப்ரீஆம்ப் இல்லை என்றால், அதன் கையேட்டில் எத்தனை மெகாஓம் கேட்கிறது என்று பாருங்கள். 1 மெகாஓம் என்பது குறைந்தபட்சம், 10 இருந்தால் கவலை இல்லை. ஆம்பின் கையேட்டில் 'இன்புட் இம்பீடன்ஸ்' என்ற வரியைத் தேடி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆம்ப் பிடித்திருக்கிறது, ஆனால் எண் பொருந்தவில்லை என்றால் ஆம்பை விட வேண்டாம், நடுவில் ப்ரீஆம்ப் போடுங்கள். எல்.ஆர். பேக்ஸ் பாரா டிஐ 10 மெகாஓம் கொடுக்கும். ரேடியல் பிஇசட்-டிஐயில் 220 கிலோஓம், 1 மெகாஓம், 10 மெகாஓம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம், வித்தியாசம் காதுக்கே தெரியும்.

கேபிளையும் கவனியுங்கள். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட். 5 மீட்டர் கேபிள் என்றால் 500, அதாவது பிக்அப்பின் அளவுக்கே வந்துவிட்டது, சிக்னல் பாதியாகக் குறையும். பிக்அப்பிலிருந்து ப்ரீஆம்ப் வரை கேபிள் குட்டையாக இருக்கட்டும், ப்ரீஆம்புக்குப் பிறகு எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. பெல்ட்டில் மாட்டும் ப்ரீஆம்புகளைச் செய்வது இதற்குத்தான்.

உள்ளே பேட்டரி போடும் எலெக்ட்ரிக் வயலின் வைத்திருப்பவர்கள் இந்தப் படியை மறந்துவிடலாம்.

4. எந்த வகை ஆம்ப்?

அக்கூஸ்டிக் ஆம்ப். அக்கூஸ்டிக் கிட்டாருக்காகச் செய்வது, வயலினுக்கும் பெரும்பாலும் இதுதான் சரி. ஒரு வூஃபர் (அடிக்குரலுக்கான ஸ்பீக்கர்), ஒரு ட்வீட்டர் (மேல்குரலுக்கானது), வருவதை அப்படியே பெரிதாக்கும். உதாரணமாக ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி: 60 வாட்ஸ், 6.5 அங்குல வூஃபர், 1 அங்குல ட்வீட்டர். ஏஇஆர் காம்பேக்ட் 60-ம் 60 வாட்ஸ்தான், 8 அங்குல ஸ்பீக்கர், சுமார் 6.5 கிலோ.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பியசோவும் ட்வீட்டரும் சேர்ந்தால் வில் தந்தியில் உரசும் சத்தம், ரோசின் தூளின் கரகரப்பு, எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த மாதிரி வரும். அதனால் ட்வீட்டரைத் தனியாகக் குறைக்கும் திருகு உள்ள ஆம்பாகப் பாருங்கள். நான் பார்த்த வரையில் வயலின்காரர்களின் பாதிப் புகாரை அந்த ஒரு திருகு தீர்த்துவிடுகிறது.

எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப். இதன் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகச் சரியும், ஆகவே கரகரப்பு தானாகவே மறையும், கூடவே வயலினின் காற்றோட்டமும் மறையும். டிஸ்டார்ஷன், வாவா என்று ராக் பக்கம் போகிறவர்களுக்கும் எலெக்ட்ரிக் வயலினுக்கும் இது நன்றாகவே ஒத்துப்போகும். மரவயலினின் இயல்பான குரல் வேண்டும் என்றால் வேண்டாம்.

கீபோர்டு ஆம்ப். முழு வீச்சும் வரும், ஆனால் கனம். வயலினுக்குத் தேவையில்லாத அடிக்குரலுக்காகப் பெரிய ஸ்பீக்கரைச் சுமக்க வேண்டும்.

பவர்டு ஸ்பீக்கர், அதாவது உள்ளேயே ஆம்ப் உள்ள, சபைக்கு ஒலி தரும் பிஏ ஸ்பீக்கர். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. கையில் நல்ல ப்ரீஆம்ப் இருந்தால் 8 அல்லது 10 அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்று, அதே விலை அக்கூஸ்டிக் ஆம்பைவிடச் சத்தமாகவும் தெளிவாகவும் இருப்பது சகஜம். குறை என்னவென்றால் அதில் வயலினுக்கான ஈக்யூ, ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்), நாட்ச் (குறிப்பிட்ட ஒரு இடத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர்) எதுவும் பெரும்பாலும் இருக்காது, அதை எல்லாம் ப்ரீஆம்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. ஸ்பீக்கர் அளவும் வாட்ஸும்

வயலினின் ஆகக் கீழ் ஸ்வரம் 196 ஹெர்ட்ஸ். அதற்கு 12 அங்குலம் தேவையே இல்லை. 6.5 முதல் 8 அங்குலம் போதும். ஐந்து தந்தி வயலினில் சி 131 ஹெர்ட்ஸ், அதற்கும் 8 அங்குலம் தாங்கும்.

வாட்ஸ் விஷயத்தில் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், கூர்ந்து கேட்டால் தெரியும் அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 50-ஆ 60-ஆ என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 'பீக்' (கணநேர உச்சம்) என்று போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து தரும் வலு) என்பதைப் பாருங்கள்.

என் கணக்கு இப்படி: பாட்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் மட்டும் என்றால் 30 முதல் 60 வாட்ஸ். டிரம்ஸ் இருந்தால் 100-க்கு மேல். திறந்த வெளியில் சுவர் எதுவும் ஒலியைத் திருப்பித் தராது, தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போய்விடும், அங்கே ஆம்பை நம்பாமல் பிஏவுக்குள் போங்கள்.

கொஞ்சம் அதிகமாகவே வாங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. பிசிகாட்டோ மீட்டும்போதும் வில்லால் 'சாப்' (தந்தியை வெட்டுவது போலத் தாளமாக அடிப்பது) அடிக்கும்போதும் பியசோவிலிருந்து ஒரு நொடிக்கும் குறைவாகப் பெரிய சிக்னல் ஒன்று பாயும். ஆம்ப் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டு இருந்தால் அந்த இடத்தில் 'டப்' என்று உடையும். சத்தத் திருகு பாதியில் இருக்கும்போதே உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் அது சரியான ஆம்ப்.

எடையையும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஒரு கையில் வயலின் பெட்டி, மறு கையில் ஆம்ப், மாடிப்படி. 12 கிலோவைத் தூக்கிவிட்டு உடனே வில்லைப் பிடித்தால் கை நடுங்கும்.

6. பின்பக்கத்தைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் திருப்பிப் பாருங்கள்.

எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கொண்ட இணைப்பு) டிஐ அவுட் கட்டாயம் வேண்டும், மிக்சருக்கு இங்கிருந்துதான் போகும். அதற்கு ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. ப்ரீயில் வைத்தால் மேடையில் நீங்கள் ஈக்யூவை எப்படித் திருகினாலும் சபைக்குப் போவது மாறாது, மிக்சரில் இருப்பவர் உங்களை வாழ்த்துவார்.

கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும், இந்தச் சுவிட்ச் அதை அறுக்கும். அது இல்லை என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடும் வேலை, ஒருபோதும் செய்யாதீர்கள்.

நாட்ச் ஃபில்டரும் ஃபேஸ் சுவிட்சும் (சிக்னலைத் தலைகீழாக்குவது) மரவயலினுக்குக் கிட்டத்தட்ட அவசியம், ஏன் என்று 10-ம் படியில் சொல்கிறேன். கிளிப்-ஆன் மைக் என்றால் ஃபாண்டம் பவர் இருக்கிறதா என்பதோடு எத்தனை வோல்ட் என்றும் பாருங்கள். சில ஆம்புகள் 24 வோல்ட்தான் கொடுக்கும், 48 கேட்கும் மைக் அதில் சரியாக வேலை செய்யாது. ஆக்ஸ் இன், ப்ளூடூத் எல்லாம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

7. கடையில் சோதிப்பது

உங்கள் வயலின், உங்கள் வில், உங்கள் கேபிள், உங்கள் ப்ரீஆம்ப், நான்கையும் கொண்டுபோங்கள். கடை வயலினில் சோதித்தால் நீங்கள் சோதிப்பது கடை வயலினைத்தான். கூட ஒரு நண்பர் வந்தால் மிக நல்லது, அவர் இசைக்காரராக இருக்க வேண்டியதுகூட இல்லை.

முதலில் எதையும் வாசிக்காமல் கெயினை (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டும் திருகு) வேண்டிய அளவு ஏற்றிவிட்டுச் சும்மா நில்லுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எவ்வளவு? மெதுவான பாட்டின் நடுவில் வரும் மௌனத்தில் அது கேட்கும்.

அடுத்து எல்லா ஈக்யூவையும் நடுவில் வையுங்கள், ரிவெர்ப்பை முழுக்க அணையுங்கள். ரிவெர்ப் இருந்தால் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். பிறகு இந்த வரிசையில் வாசியுங்கள்: திறந்த ஜி தந்தியில் நீண்ட வில், மெல்ல ஆரம்பித்து முழு அழுத்தம் வரை. அடிக்குரல் கனமாக வருகிறதா, அல்லது ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் குதித்து எழும்புகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஜியிலிருந்து மேலே வரை மெதுவாக ஒவ்வொரு அரைப்படியாக ஏறுங்கள். அப்புறம் ஈ தந்தியில் மேல் நிலையில் உரத்து வாசியுங்கள், காதைக் குத்துகிறதா? கடைசியாகப் பிசிகாட்டோ, சாப், இரட்டைத் தந்தி. இரட்டைத் தந்தியில் இரண்டு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கூழாகிவிடக் கூடாது.

இதையெல்லாம் மேடையில் வாசிக்கப்போகும் சத்தத்திலேயே செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய சத்தத்தில் இனிக்கும் ஆம்ப் உரத்தால் கீச்சிடுவது சாதாரணமாக நடப்பது.

இப்போது மிக முக்கியமானது. வயலின் உங்கள் தாடைக்குக் கீழே இருக்கிறது, எலும்பு வழியாகவும் ஒலி உங்களுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் கேட்பது ஆம்பும் வயலினும் கலந்த கலவை, சபை கேட்கப்போவது ஆம்பை மட்டும். ஆகவே நண்பரை ஐந்தாறு அடி தள்ளி, ஸ்பீக்கருக்கு நேராக நிறுத்தி, கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வேறு யாராவது உங்கள் வயலினை வாசிக்க முடிந்தால் அதைவிட நல்லது, நீங்களே எதிரே போய் நின்று கேளுங்கள். நான் கடையில் கொண்டாடிய ஒரு ஆம்பை இப்படிப் பதிவில் கேட்ட பிறகுதான் விட்டுவிட்டு வந்தேன்.

8. மேடையில் வைக்கும் இடம்

ஆம்பைத் தரையில், காலுக்குப் பின்னால் வைப்பது பழக்கதோஷம். ஒலி உங்கள் முழங்காலுக்குப் போகும், உங்களுக்குக் கேட்காது, கூட்டுவீர்கள், முன்வரிசைக்காரர்களின் காது போகும். ஒரு ஸ்டாண்டிலோ நாற்காலியிலோ தூக்கி வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் தலையைப் பார்க்கும்படி வையுங்கள். தரையிலிருந்து எடுத்தாலே அடிக்குரலின் கும்மல் குறைவதைக் கேட்பீர்கள்.

ஆம்ப் வயலினின் மேல்பலகையை நேராகப் பார்க்கக் கூடாது. அங்கேதான் ஊளை ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்களுக்கு வலப்பக்கம் கொஞ்சம் பின்னால் வைப்பது சரிவரும். இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள், இரண்டு அடி நகர்த்துவது சில சமயம் எந்த ஈக்யூவையும்விட அதிகம் செய்யும்.

9. ஈக்யூ: கூட்டுவதைவிடக் குறைப்பது

கெயினை முதலில் சரி செய்யுங்கள். ஆக உரத்த இடத்தை வாசித்து, கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறினால் எரிவது) எரியும் வரை கெயினை ஏற்றி, எரியாத அளவுக்குக் கொஞ்சம் இறக்குங்கள். அதன் பிறகு சத்தத்துக்கு மாஸ்டர் மட்டும்.

லோ-கட் இருந்தால் 150 ஹெர்ட்ஸ் வரை தைரியமாக வெட்டுங்கள் (ஐந்து தந்தி என்றால் 100). அதற்குக் கீழே வயலினின் ஸ்வரம் எதுவும் இல்லை, தாடை உரசும் சத்தமும் மேடையில் நடக்கும் காலடியும்தான்.

பியசோவின் மூக்கடைத்த குரல் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், அங்கே 3 முதல் 5 டெசிபல் குறைத்துப் பாருங்கள். வில்லின் கரகரப்பு அதற்கும் மேலே, அதற்கு ட்வீட்டர் திருகு. இவ்வளவையும் குறைத்த பிறகும் குரல் மெலிந்திருந்தால் மட்டும் 250 முதல் 400 பக்கம் கொஞ்சம் கூட்டுங்கள்.

வீட்டில் தனியாகச் செய்து வைத்த ஈக்யூ குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போகும், கிட்டார் அந்த நடுப்பகுதியை நிரப்பிவிடும். ஒத்திகையில் ஒரு முறை மறுபடி செய்யுங்கள். ரிவெர்ப்பைக் கடைசியில், நீங்கள் விரும்பும் அளவைவிடக் குறைவாக. அறை மீதியைச் சேர்த்துவிடும்.

10. ஊளை வந்தால்

மரவயலின் கூட்டுக்குள் இருக்கும் காற்று 270-280 ஹெர்ட்ஸ் பக்கம் தானாக அதிரும். பலகைகளின் பெரிய அதிர்வுகள் 400 முதல் 550-க்குள் இரண்டு மூன்று. ஆம்பின் ஒலி திரும்பி வந்து இந்த இடங்களை உசுப்பும்போதுதான் ஊளை வருகிறது. அதாவது ஊளை எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

சபை வருவதற்கு முன்பே வேண்டுமென்றே ஊளையை வரவழையுங்கள். வயலினை வாசிக்கும் நிலையில் பிடித்து, தந்திகளைக் கையால் மூடி, மாஸ்டரை மெல்ல ஏற்றுங்கள். ஊளை ஆரம்பித்ததும் கொஞ்சம் இறக்கி, அது எந்த ஸ்வரம் என்று வயலினிலேயே தேடுங்கள். ஜி தந்தியில் மூன்றாம் விரலின் சி-க்கு அரைப்படி மேலே இருக்கும் சி ஷார்ப் 277 ஹெர்ட்ஸ், பல வயலின்களில் அந்தப் பக்கம்தான் இருக்கும். ஸ்வரம் கிடைத்ததும் முதலில் ஃபேஸ் சுவிட்சை ஒரு முறை தட்டிப் பாருங்கள், சில மேடைகளில் அதுவே போதும். போதாவிட்டால் நாட்ச் ஃபில்டரை அந்த இடத்துக்குத் திருகிக் குறையுங்கள். ஒரு நாட்ச்சைத்தான் பயன்படுத்துங்கள், இரண்டு மூன்று போட்டால் வயலினே வெளியே போய்விடும்.

அப்புறம் மறுபடி ஊளை வரும் வரை ஏற்றி, அங்கிருந்து 6 டெசிபல் கீழே இறக்கி, அதுதான் இன்றைய உச்சம் என்று திருகின் பக்கத்தில் சின்ன டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் குழுவுக்குப் போதவில்லை என்றால் ஆம்பை நகர்த்துங்கள், டிரம்ஸ்காரரிடம் பேசுங்கள், திருகைத் தொடாதீர்கள்.

11. மேடை ஏறும் முன் பையில்

கூடுதல் கேபிள் ஒன்று, ப்ரீஆம்புக்குப் புதிய 9 வோல்ட் பேட்டரி, எக்ஸ்டென்ஷன் பெட்டி, எக்ஸ்எல்ஆர் கேபிள். பேட்டரி சாகும்போது சட்டென்று சாகாது, குரல் உடைய ஆரம்பிக்கும், நீங்கள் அது ஆம்பின் கோளாறு என்று நினைத்துப் பாதிக் கச்சேரி வரை திருகிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, கேபிளைப் பிடுங்குவதற்கு முன் மியூட் அழுத்துங்கள், மியூட் இல்லை என்றால் மாஸ்டரைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மிக்சருக்கு டிஐ போய்க்கொண்டிருந்தால் மிக்சரில் இருப்பவரிடமும் ஒரு கை காட்டிவிட்டு, அவர் தலையாட்டிய பிறகு பிடுங்குங்கள்.